அமைதிக்குப் பெயர்போன வகுப்பு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் ஹட்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த கள உத்தியோகத்தர்கள். கையில் டெப் கணினி, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் உலகத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருத்திவிடும் உறுதி. இவை மூன்றும் ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தன. டெப்புக்குப் பதில் கார்பன் தாள், அவ்வளவுதான்.

"மிஸ், நரம்பியல் பன்முகத்தன்மை உள்ளவங்க அவங்க வாழ்க்கைய அவங்க வாயாலேயே சொல்ற மாதிரி ஒரு புதுத் திட்டம் வந்திருக்கு. நீங்க முன்னாடியே அப்படிச் செஞ்சீங்கன்னு ஒப்பீஸ்ல சொன்னாங்க. எப்படி மிஸ் அவங்கள பேச வச்சீங்க?"

நரம்பியல் பன்முகத்தன்மை. சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. நான் வேலைக்கு வந்தபோது அவர்கள் 'மந்தமான பிள்ளைகள்'. பிறகு 'விசேட தேவையுடையோர்' ஆனார்கள். பிறகு 'மாற்றுத்திறனாளிகள்'. இப்போது இது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் எங்களுக்கு ஒருநாள் செயலமர்வும் ஒரு சோற்றுப் பார்சலும் கிடைத்தன. அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், பெயர் கிடைத்ததே, போதாதா?

அந்தப் பிள்ளைகளுக்குப் பாதியைச் சொல்லி அனுப்பினேன். மீதியை எழுதித் தருவதாகச் சொன்னேன். வாயால் சொல்ல முடியாத பாதி அது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரம். ஒரு மண்டபம், ஒரு வெள்ளைத் திரை, கொழும்பிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர். பேசும்போது பிள்ளை நம் கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் நாடியை மெதுவாகப் பிடித்து முகத்தைத் திருப்ப வேண்டும் என்றார். பிள்ளை கத்தினால் 'அமைதி மூலை'யில் பத்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும் என்றார். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். கடைசி நாளில் சான்றிதழ் தந்தார்கள். மனிதரைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிறகு நான்கு வருடம் ஒரு தோட்டப் பாடசாலையில் விசேட வகுப்பு நடத்தினேன். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரே அறை. ஒருநாள் கல்வி அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வந்து, அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியான விசேட வகுப்பைத் தான் கண்டதில்லை என்று பாடசாலையின் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பிரதியைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் தேநீர் குடித்துவிட்டுப் போக முடியாது.

வகுப்பை மூடிய பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். அங்கேதான் பதினைந்து வருடம். கடைசி ஆறு வருடமும் 'வாழ்க்கைக் கதை' சேகரிப்பதே என் வேலை.

எங்கள் திட்ட முகாமையாளர் சந்திரமோகன் சேர். கண்டியிலிருந்து வருவார். யாரையும் ஏசமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். நாங்கள் எழுதியதைக் கொடுத்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பச்சைப் பேனையைத் திறந்து, "அருமை, சுசீலா மிஸ்" என்பார். ஒரு 'அருமை' என்றால் இரண்டு வரி வெட்டுவார். இரண்டு 'அருமை' என்றால் பாதிப் பக்கம் போகும். மூன்று 'அருமை'யைத் தாண்டி உயிரோடு திரும்பிய கட்டுரையை நான் பார்த்ததில்லை.

கதைக்கு அவர் ஒரு வடிவம் வைத்திருந்தார். நான்கு பகுதி: கஷ்டம், சந்திப்பு, மாற்றம், நன்றி. கஷ்டத்தில் நாங்கள் இருக்கக்கூடாது. சந்திப்பில் நாங்கள் வர வேண்டும். மாற்றம் எங்களால் வர வேண்டும். நன்றி யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லாம் 'நான்' என்றே எழுதப்பட வேண்டும். சொந்தக் குரல் அல்லவா? வட்டவளைப் பக்கம் ஓட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் நாற்பது நிமிடம் என்னோடு பேசினார். முழுக்க ரயில் இன்ஜின்கள், அவற்றின் இலக்கங்கள், எந்த வளைவில் எது எப்படிச் சத்தமிடும் என்பது. ஒரு மனிதர் தன் உயிரை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்தது போலிருந்தது. அச்சில் வந்தபோது, "ரயிலைப் போல நானும் முன்னேறுவேன்" என்று ஒரு வரி மிஞ்சியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, "எந்த ரயிலு?" என்று மட்டும் கேட்டாராம்.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் இருக்கும்போது மகேஸ்வரியின் கோப்பு என் மேசைக்கு வந்தது. வயது இருபத்தாறு, ஓட்டிசம், பேச்சு மிகக் குறைவு. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் தாயோடும் அண்ணனோடும் இருக்கிறாள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இடம் போதாது. ஆகவே எங்கள் நிறுவனமே அவளை வெளியூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தது. 'மாற்றம்' என்ற பகுதி கோப்பிலேயே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: "இன்று நான் இல்லத்தில் மகிழ்ச்சியாக வாழ்கிறேன்." அவள் இன்னும் போகவே இல்லை. முடிவு தயாராக இருந்த கதைக்கு ஆரம்பத்தை வாங்கி வருவது என் பொறுப்பு.

முதல்நாள் போனபோது தாய் பாக்கியம் வாசலுக்கு வந்து, "வாங்க டீச்சர்" என்றாள். தோட்டங்களில் எல்லோரும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இது கொஞ்சம் கூடுதல் மரியாதை போலிருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டேன். மகேஸ்வரி என்னை ஒருமுறை பார்த்தாள். திரும்பி, லயத்துக்குப் பின்னால் அவள் போட்டிருந்த லீக்ஸ் பாத்திக்குப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. பாத்தியின் எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, படிவத்திலிருந்த முதல் கேள்வியைக் கேட்டேன். "ஒங்க வாழ்க்கையிலயே ரொம்ப சந்தோஷமான நாள் எது?" எழுந்து போய்விட்டாள். இரண்டாவது தடவை இரண்டாவது கேள்வி. எழுந்து போய்விட்டாள். மூன்றாவது தடவை, என் ஸ்டூலைக் கண்டதுமே போய்விட்டாள். படிவத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. யார் ஒத்துழைக்கவில்லை என்று குறிக்க அதில் இடமில்லை.

நான்காவது தடவை ஸ்டூல் இல்லை. பாக்கியம் அதில் துணி மூட்டையை வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் பாத்தி ஓரத்தில், அவளுக்குப் பக்கத்தில், அவள் பார்த்த திசையையே பார்த்து உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் களை பிடுங்கினேன். ஒரு மணித்தியாலம் ஒரு சொல் இல்லை. பிறகு அவள் சொன்னாள்:

"அது புல்லு இல்ல. லீக்ஸ்."

கையில் ஒரு பிடி லீக்ஸ் நாற்று வைத்திருந்தேன். பதினைந்து வருட அனுபவமுள்ள உத்தியோகத்தரிடம் மகேஸ்வரி பேசிய முதல் வார்த்தை அது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை அமைந்தது. இளம் உத்தியோகத்தர்கள் எதையாவது குறித்துக்கொள்ள விரும்பினால் இதைக் குறித்துக்கொள்ளலாம். எதிரே உட்காரக்கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். கேள்வி கேட்கக்கூடாது. கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். ஃபோனில் பதிவு செய்யப்போகிறோம் என்று முதலிலேயே காட்டி, அவள் 'ம்' என்றால் மட்டும் நிலத்தில் வைக்க வேண்டும். அவள் நிறுத்தினால், நாம் இட்டு நிரப்பக்கூடாது. இடைவெளி அரை மணித்தியாலம் ஆனாலும் சரி. எழுதியதை அவளுக்கு முன்னால், வரிக்குக் கீழே விரல் வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். பிழை என்றால் அந்த இடத்தில் அவள் தன் கட்டைவிரலை வைப்பாள். திருத்தும்வரை எடுக்கமாட்டாள். பஸ் பலகைகளையும் கடைப் பெயர்களையும் பார்த்தே வாசிக்கப் பழகியவள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஐந்து வாரத்தில் அவள் சொன்னவை: தகரத்தில் விழும் மழையில் எத்தனை வகை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் சத்தம் பல்லுக்குள் வந்து குத்துவது. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டி ஒரு நாள் முழுக்க எறும்பு போல ஊர்வது. லீக்ஸ் ஒரே அளவில் வரிசையாக நிற்கும்போது நெஞ்சு அடங்குவது. இன்னொன்றும் சொன்னாள்.

"கண்ண பாத்தா காது கேக்காது. காது கேக்கணும்னா கண்ண பாக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா வராது எனக்கு."

பன்னிரண்டு பிள்ளைகளின் நாடியை நான்கு வருடம் பிடித்துத் திருப்பியவள் நான். களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது வாரம் அவள் தானாகவே பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். அப்போது அவர்கள் கொத்மலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தார்களாம். எட்டு வயது. ஏழு வாரம் மட்டும் போனாளாம்.

"வகுப்புக்குப் பக்கத்துல சாமான் ரூம். சத்துமா மூட்ட ஏழு இருந்துச்சு. கத்துனா அங்க வெச்சு கதவ சாத்துவாங்க. பத்து நிமிசம். சுசீலா டீச்சர் கொண்டி போடுவாங்க."

என் கை நின்றுவிட்டது. அவள் கை நிற்கவில்லை.

"ஒரு நாளு வெளிய பெரிய ஆளு வந்தாரு. புது குரலு. டீச்சர் மறந்துட்டாங்க. புள்ளைங்க பாட்டு மூணு தடவ பாடுனாங்க. சாப்பாட்டு மணி அடிச்சுச்சு. அப்புறம் வீட்டு மணி. மூத்திரம் போயிட்டேன். அண்ணன் கூட்ட வந்தான். கொண்டி தொறந்தாங்க. 'இன்னைக்கி ரொம்ப நல்ல புள்ளையா இருந்தா'ன்னு அண்ணன்கிட்ட சொன்னாங்க."

கோபமில்லை. மழை எத்தனை வகை என்று சொன்ன அதே குரல்.

"அந்த இல்லத்துக்கு அம்மா கூட்டிக்கிட்டுப் போய் காட்டுச்சு. அங்க எல்லா ரூமுக்கும் வெளிப்பக்கம் கொண்டி இருக்கு. நான் போகமாட்டேன்."

அந்தப் புது குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவருடைய கையெழுத்து எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்றைக்கு வகுப்பு ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. நானும் பதினெட்டு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. மறைத்தேன் என்றால்கூடக் கொஞ்சம் கௌரவம் இருக்கும். மறந்திருந்தேன். அந்தப் பிள்ளையின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவள் என்னை முதல்நாளே, ஒரே பார்வையில் அடையாளம் கண்டிருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். எல்லாம் சொன்னது சொன்னபடி. ஒரே ஒரு இடத்தில் 'சுசீலா டீச்சர்' என்பதை 'ஒரு ஆசிரியை' என்று எழுதினேன். தனியுரிமை. எங்கள் கொள்கைப் புத்தகத்தில் தனியுரிமைக்கு ஒரு முழு அத்தியாயமே உண்டு. அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. அன்றைக்கு அதை எவ்வளவு பக்தியோடு படித்தேன் தெரியுமா!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காம்பராவில் வாசித்துக் காட்டினேன். பாக்கியம் அடுப்படியில் இருந்தாள். அண்ணன் ரவி கட்டிலில் உட்கார்ந்து கல்யாணக் கார்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். மகேஸ்வரி என் பக்கத்தில். மழை, பிரட்டு, சட்டை, லீக்ஸ் எல்லாம் சரி. "ஒரு ஆசிரியை கொண்டி போடுவார்" என்று வாசித்தேன். கட்டைவிரல் வந்து விழுந்தது.

"ஒரு டீச்சர்" என்றேன்.

விரல் அசையவில்லை.

"வகுப்புக்குப் பொறுப்பா இருந்தவங்க" என்றேன். அலுவலகத் தமிழ் ஆபத்துக்கு உதவும் என்று ஒரு நம்பிக்கை. விரல் இன்னும் அழுத்தியது. நகம் வெளுத்துவிட்டது.

கடைசியில், "சுசீலா டீச்சர் கொண்டி போடுவாங்க" என்றேன். விரலை எடுத்துக்கொண்டாள். மிச்சத்தையும் வாசித்தேன். மணிகள், பாட்டு, நனைந்த சட்டை, நான் அண்ணனிடம் சொன்ன வார்த்தை, அவள் போகமாட்டேன் என்றது.

அடுப்படியிலிருந்து பாக்கியம் வந்து நின்றாள். "மொத நாளே நீங்கதான்னு தெரியும் டீச்சர். ஒங்களுக்கு ஞாபகம் இல்லையேன்னு நானும் சொல்லல. இது... இது எனக்குத் தெரியாது."

ரவி பேனையை மூடாமலே வைத்திருந்தான். "சட்ட ஈரமா இருந்துச்சும்மா. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். இவ்வளவு பெரிய புள்ளைக்கு வெக்கமில்லையான்னு வழியெல்லாம் ஏசிக்கிட்டே வந்தேன். ஒரு வார்த்த பேசல இவ."

"பேச வரல" என்றாள் மகேஸ்வரி.

பிறகு பாக்கியம் சொன்னாள்: "நீ போகமாட்டேன்னு எங்கிட்ட சொல்லலையேடி."

"நீங்க கேள்வியா கேட்டீங்க."

இல்லத்துக்குப் போகும் பேச்சு அன்றோடு முடிந்தது. ரவியும் அவன் கூட்டாளிகளும் காம்பராவுக்கு முன்னாலிருந்த இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்து அவளுக்கு ஒரு சின்ன அறை கட்டினார்கள். கதவு வைக்கட்டுமா என்று கேட்காமல், ஒரு கதவையும் ஒரு சீலைத் துண்டையும் அவளுக்கு முன்னால் வைத்தான் ரவி. அவள் சீலையை எடுத்தாள்.

சந்திரமோகன் சேரிடம் முழுப் பிரதியையும் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமை, சுசீலா மிஸ். அருமை." பக்கத்தைத் திருப்பினார். "அருமை."

புரிந்துவிட்டது.

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல ஒங்களுக்கு எதுக்கு மிஸ் இது? 'ஒரு ஆசிரியை'ன்னு மாத்தி, அந்த ரூம் கதையைச் சுருக்கி, கடைசியில இல்லத்தைப் போட்டா அழகா வந்திரும்."

"அவங்க ஒத்துக்கமாட்டாங்க சேர்."

"எப்படி ஒத்துக்கமாட்டாங்க? பேச்சு மிகக் குறைவுன்னு நம்ம கோப்புலயே இருக்கே."

"எழுதுனது நம்மதானே சேர்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், உண்மையிலேயே என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதுதான் பெரிய கஷ்டம். திருத்திய பிரதியையும் சம்மதப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு இன்னொரு உத்தியோகத்தர் றொசல்லவுக்குப் போனார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, 'ஒரு ஆசிரியை' மேல் கட்டைவிரலை வைத்த மகேஸ்வரி அவர் போகும்வரை எடுக்கவில்லையாம். அறிக்கையில் 'பயனாளி ஒத்துழைக்கவில்லை' என்று போட்டார்கள்.

புத்தகம் பளபளவென்று வந்தது. அவளுக்கு ஒதுக்கியிருந்த பக்கத்தில் பனிமூடிய தேயிலை மலையின் படம். கீழே, 'மௌனத்தின் குரல்'. வெளியீட்டு விழாவில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்து வழியனுப்பினார்கள்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வாரம், மகேஸ்வரி சொன்னதை அவள் சொன்னபடியே தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பிரதி ஒரு சாக்கு. மன்னிப்புக் கேட்கப் போனேன். பஸ்ஸில் வசனம் தயார் செய்திருந்தேன்: அறியாமை, பயிற்சியின் குறை, அந்தக் காலத்து நிலைமை. பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. "நான் செஞ்சது பிழை மகேஸ். ஒன்ன உள்ள வச்சது பிழை, மறந்தது பிழை. அண்ணன்கிட்ட பொய் சொன்னது அதவிடப் பிழை" என்றேன். அழுகை வந்தது. அவளுக்குச் சத்தம் ஆகாது என்பதால் அதையும் அடக்கிக்கொண்டேன்.

அவள் மூன்று பிரதியையும் எண்ணிப் பார்த்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்தக் கொண்டி இன்னும் இருக்கா?"

தெரியவில்லை என்றேன். அவள் களை பிடுங்கப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு பஸ் மாறிக் கொத்மலைப் பக்கம் போனேன். பாடசாலை இருந்தது. சாமான் அறை இருந்தது. வெளிப்பக்கம், பச்சைப் பெயின்ட் உரிந்த அதே கொண்டியும் இருந்தது. பழைய ஆசிரியை என்று சொன்னதும் இளம் அதிபர் நாற்காலி போட்டார். கொண்டியைக் கழற்ற வேண்டும் என்றதும், அது பாடசாலைச் சொத்து, எழுத்தில் விண்ணப்பித்தால் வலயக் காரியாலயத்துக்கு அனுப்பலாம் என்றார். விண்ணப்பங்களோடு எனக்கு நல்ல பழக்கம்; பதில் வருவதற்குள் எனக்குக் கண் தெரியாமல் போய்விடும். கடைக்குப் போய் ஒரு திருப்புளி வாங்கிவந்து, இடைவேளை மணி அடித்ததும் நானே கழற்றினேன். அறுபது வயதுப் பெண் ஒருத்தி கதவோடு மல்லுக்கட்டுவதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதிபர் மட்டும் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அந்த உதவிக்கு அவருக்கு நன்றி.

கொண்டியையும் அதன் ஸ்க்ரூக்களையும் கைக்குட்டையில் முடிந்து றொசல்லவுக்குக் கொண்டுபோனேன். மகேஸ்வரி முடிச்சை அவிழ்த்தாள். கொண்டியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைகளை விரலால் தொட்டாள். பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்தாள்.

"நாலு இருக்கணும்" என்றாள். "மூணுதான் இருக்கு."

ஒன்று துருப்பிடித்து மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, தலை தேய்ந்துவிட்டது, எவ்வளவோ முயன்றேன் என்றேன்.

அவள் மூன்றுக்குப் பக்கத்தில், நான்காவதுக்கு இடம் விட்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.